துப்பறிவாளர் சார்ஜென்டுக்கு மேலா?

நியூயார்க் காவல் துறையில் தேர்வு எழுதித்தான் துப்பறிவாளர் ஆக முடியும், அவர் சார்ஜென்டுக்கும் மேலதிகாரி என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு. அங்கே தேர்வு எழுதிப் பெறுகிற உயர்பதவிகள், கீழிருந்து மேலாக, மூன்றே: சார்ஜென்ட், லெப்டினன்ட், கேப்டன். அதற்கு மேற்பட்டவை ஆணையரின் விருப்பத்தைப் பொறுத்தவை. அந்த ஆணையரோ மேயர் நியமிக்கும் சிவிலியன்.

துப்பறிவாளர் என்பது வேறு பாதை. புலனாய்வுப் பணியில் 18 மாதங்கள் இருந்த காவலருக்கு அந்தப் பட்டம் கிடைக்கும். அதில் மூன்று தரங்கள் உண்டு. உச்சமான முதல் தரத்தவரின் சம்பளம் ஏறக்குறைய லெப்டினன்டுக்கு இணையானது. குழப்பம் இங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். சம்பளம் உயர்ந்தாலும் கட்டளையிடும் அதிகாரம் சார்ஜென்டிடமே இருக்கிறது.