டென்ஷன் கம்பியை நாமே செய்ய வேண்டும்

பூட்டுத் திறப்பதைப் பொழுதுபோக்காகக் கற்க விரும்பும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கருவித் தொகுப்பை வாங்கலாம் என்பதுதான். இணையத்தில் விற்கும் தொகுப்புகளில் கொக்கி, அரைவைரம், அலை வடிவம் என்று பதினைந்து இருபது வகைப் பிக்குகள், அதாவது பூட்டின் உள்ளுறுப்புகளை உயர்த்தும் மெல்லிய கருவிகள், இருக்கும். கூடவே, சாவித்துளையில் செருகிப் பூட்டைத் திருப்பிப் பிடிக்கும் டென்ஷன் கம்பிகளும் பேருக்கு இரண்டு மூன்று கிடக்கும். இந்தக் கணக்கு தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. நல்ல பிக் இரண்டு இருந்தால் தொடக்கத்திற்குப் போதும். உழைப்பும் சிந்தனையும் டென்ஷன் கம்பியில்தான் செலவாக வேண்டும். அதையும் விலைக்கு வாங்காமல் நாமே வளைத்து, நாமே அராவிச் செய்ய வேண்டும்.

காரணத்தைப் பூட்டின் உள்ளமைப்பே சொல்லும். இளைய லைனஸ் யேல் 1861இலும் 1865இலும் காப்புரிமை பெற்ற பின் டம்ளர் பூட்டில், சாவி நுழையும் உருளைக்கும் அதைச் சுற்றிய கூட்டுக்கும் குறுக்கே சில ஜோடி ஊசிகள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் நிற்கின்றன. சரியான சாவி ஒவ்வொரு ஜோடியும் பிரியும் இடத்தை உருளையின் விளிம்புக்கு நேராகக் கொண்டுவரும்போது உருளை சுழல்கிறது. சாவியின்றித் திறக்க முடிவதற்குக் காரணம், ஊசித் துளைகள் ஒருபோதும் பிசகில்லாத ஒரே நேர்கோட்டில் அமையாததுதான். உருளையை மெல்லத் திருப்பிப் பிடித்தால் எல்லா ஊசிகளும் ஒருங்கே இறுகுவதில்லை; ஒன்று முதலில் இறுகும். அதை உயர்த்தி விளிம்புக்குக் கொண்டுவந்த கணத்தில் உருளை ஒரு மயிரிழை சுழலும், அடுத்த ஊசி இறுகும். அந்தத் திருப்பு விசையைத் தருவதும், அந்த மயிரிழைச் சுழற்சியை விரலுக்குத் தெரிவிப்பதும் டென்ஷன் கம்பி. பிக் செய்வது ஊசியைத் தேடி உயர்த்தும் வேலையை மட்டுமே.

வரலாறும் இதையே காட்டுகிறது. 1851இல் லண்டனில் நடந்த பெரும் கண்காட்சியின்போது, அமெரிக்கரான ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் முதலில் சப் நிறுவனத்தின் பூட்டைச் சுமார் 25 நிமிடங்களில் திறந்தார். பின்னர், திறப்பவருக்கு 200 கினி (பழைய பிரிட்டிஷ் பணம்) பரிசு என்ற அறைகூவலோடு பல்லாண்டுகளாகக் கடைச் சன்னலில் இருந்த பிராமா நிறுவனத்தின் பூட்டை, 16 நாள்களில் பரவிய 51 மணி நேர உழைப்பில் திறந்தார். அவருடைய முறையின் உயிர்நாடி, தாழின்மீது அழுத்தம் கொடுத்து, உள்ளே எந்த உறுப்பு இறுகுகிறது என்று உணர்ந்து, அதை மட்டும் நகர்த்துவது. பிராமா பூட்டுக்கு அவர் பயன்படுத்திய கருவியின் ஒரு பகுதி, பூட்டைச் சுற்றியிருந்த மரச்சட்டத்திலேயே திருகாணியால் பொருத்தப்பட்டிருந்தது. கை சோர்ந்தாலும் விசை மாறக்கூடாது என்பதில் அந்த மனிதர் காட்டிய அக்கறையை, இன்று தொகுப்பு விற்பவர்கள் யாரும் காட்டுவதில்லை.

செய்முறைக்கு வருகிறேன். இரும்புச் சாமான் கடைக்குப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. கழற்றி எறியும் கார் வைப்பரின் ரப்பருக்கு இருபுறமும் இருக்கும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடு, முதல் டென்ஷன் கம்பிக்கு மிகப் பொருத்தமான பொருள். பழைய ஹாக்ஸா பிளேடையும் பலர் பயன்படுத்துகிறார்கள். அது தவறில்லை, ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடற்காற்றில் கார்பன் எஃகு எண்ணெய் பூசாமல் விட்டால் விரைவில் துருப்பிடிக்கும், துருவேறிய பரப்பு விரலின் உணர்வைக் கெடுக்கும். சிறு இடைவெளிகளை அளக்க உதவும் ஃபீலர் கேஜ் தகடுகளும் நல்லவை. ஒவ்வொன்றின் தடிமனும் அதன் மேலேயே பொறித்திருப்பதால், எந்தத் தடிமன் எந்தச் சாவித்துளைக்குப் பொருந்துகிறது என்பதை ஊகமின்றி அறியலாம்.

வைப்பர் தகட்டை வைஸில் பிடித்துக் குளிர்ந்த நிலையிலேயே, சிறிது உருண்ட வளைவு விட்டு வளைக்க வேண்டும். கூர்மையாக மடித்தால் வெளிப்பக்கம் வெடிக்கும். தீயில் காட்டினால் எளிதாக வளையும் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். அது ஹாக்ஸா பிளேடு போன்ற கார்பன் எஃகுக்குச் சரி, ஏனெனில் அதை மறுபடியும் சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்கலாம். இந்தவகை ஸ்டெயின்லெஸ் தகடு குளிர்நிலையில் உருட்டப்பட்டதால் விறைப்பைப் பெற்றது. தீயில் ஒருமுறை இழந்த விறைப்பை எந்தத் தோய்ச்சலும் மீட்டுத் தராது. கிரைண்டரில் தேய்க்கும்போதும் அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். கார்பன் எஃகின் விளிம்பு நீலமாக மாறினால் அது 300 டிகிரி செல்சியஸை நெருங்கிவிட்டது என்று பொருள். அந்த நுனி தன் கடினத்தில் ஒரு பகுதியை இழந்துவிட்டது.

வடிவத்தில் நான் மிகவும் வலியுறுத்துவது பொருத்தம். சாவித்துளையின் அடிப்பகுதியில் நுழைக்கும் அகலமான கம்பி, பிக் அசைய வேண்டிய இடத்தையே அடைத்துக்கொள்கிறது. ஊசிகள் இருக்கும் பக்கத்தின் விளிம்பில், முதல் ஊசிக்கு முன்னால் உள்ள சிறு இடத்தில் மட்டும் உட்காரும்படி நுனியைக் குறுக்கி அராவினால், சாவித்துளை முழுவதும் பிக்குக்குக் கிடைக்கும். அந்த நுனி முதல் ஊசியைத் தொடக்கூடாது; சுழலாத வெளிக்கூட்டிலும் உரசக்கூடாது, உரசினால் உருளை சொல்வது எது, உராய்வு சொல்வது எது என்று பிரித்தறிய முடியாது. துளைக்குள் ஆட்டமும் இருக்கக்கூடாது. ஒவ்வொரு பூட்டின் சாவித்துளையும் வேறு என்பதால் இந்தப் பொருத்தத்தைத் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து அனுப்ப முடியாது. அரமும் பூட்டும் ஒரே மேசையில் இருந்தால்தான் முடியும்.

கம்பி எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதில் ஆர்வலர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சுருள்போல் நெகிழும் கம்பி தொடக்கக்காரரின் கனத்த கையைக் காப்பாற்றுகிறது என்பது உண்மைதான். ஆயினும் நான் விறைத்த கம்பியின் பக்கம் நிற்கிறேன். நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஸ்பூல் ஊசி உள்ள பூட்டில், உருளை சற்றே திரும்பித் திறந்துவிட்டதுபோல் நம்மை ஏமாற்றி நிற்கும். அந்த ஊசியைத் தள்ளும்போது உருளை பின்னோக்கி வர முயலும்; நாம் விசையைத் தளர்த்தி அதற்கு வழிவிட வேண்டும். நெகிழும் கம்பி அந்தப் பின்னோட்டத்தைத் தானே விழுங்கிவிடுகிறது. விறைத்த கம்பியின்மீது வைத்த விரலோ, நாடி பார்க்கும் மருத்துவரின் விரல்போல, அதைத் துல்லியமாக உணரும்.

தென்னாப்பிரிக்காவில் வாழும் நமக்கு இதில் ஒரு கூடுதல் பாடம் இருக்கிறது. நம் வீடுகளின் உள்கதவுகளில் இரண்டு லீவர் பூட்டும் வெளிக்கதவுகளில் மூன்று லீவர் பூட்டும் பரவலாக இருக்கின்றன. லீவர் என்பது ஊசிக்குப் பதிலாகச் சாவி உயர்த்தும் தட்டையான தகடு. வெளிநாட்டவருக்கென்று தொகுக்கப்பட்ட கருவிகள் இவற்றிற்குப் பெரும்பாலும் உதவா. லீவர் பூட்டில் விசை நேராகத் தாழின்மீது செல்கிறது, லீவர்களின் ஸ்பிரிங்கும் வலுவானது. வைப்பர் தகடு அங்கே வளைந்துவிடும். தடித்த உருண்டை எஃகுக் கம்பியின் நுனியைச் சாவியின் பல்போல் தட்டையாக அராவி, லீவர்களை உயர்த்தும் இன்னொரு கம்பி அதே துளையில் அதனருகே நுழையும்படி ஒதுக்கமாக வளைக்க வேண்டும். கதவு மாற்றும் வீடுகளில் தூக்கி எறியும் பூட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, மூடித்தகட்டைக் கழற்றிவிட்டுத் தாழை அழுத்திப் பாருங்கள்; எந்த லீவர் முதலில் இறுகுகிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். அதைப் பார்த்தபின் கம்பியின் வளைவை எங்கே வைப்பது என்று எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

திருட்டுக்கு அஞ்சிச் சன்னலுக்குக் கம்பியும் கதவுக்கு இரும்புக் கேட்டும் போட்டு வாழும் ஊரில் இந்தக் கலை தேவையா என்று பெரியவர்கள் கேட்பதை நான் மதிக்கிறேன். தம் கதவில் இருப்பது எத்தகைய பூட்டு என்று அறிந்தவரே நல்ல பூட்டைத் தேர்ந்தெடுப்பார் என்பது என் பதில். எனினும் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1993ஆம் ஆண்டின் பொதுச் சட்ட மூன்றாம் திருத்தச் சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி, ஒரு கருவி வீடு உடைக்கப் பயன்பட்டது அல்லது பயன்படவிருக்கிறது என்ற நியாயமான சந்தேகம் எழுந்து, வைத்திருப்பவர் திருப்தியான விளக்கம் தர இயலாவிட்டால் அது குற்றம். 2001ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்புத் துறை ஒழுங்குமுறைச் சட்டம், பூட்டுத் தொழிலையும் பாதுகாப்புச் சேவைகளில் ஒன்றாகவே வகைப்படுத்துகிறது. எனவே அக்கம்பக்கத்தார் கேட்டாலும், கூலி தந்தாலும், ஆர்வலர் அந்த வேலையை ஏற்கக்கூடாது. பதிவு பெற்ற தொழிலாளரை அழைக்கச் சொல்ல வேண்டும். நமக்குச் சொந்தமில்லாத பூட்டையும், சொந்தமானாலும் கதவில் பயன்பாட்டில் உள்ள பூட்டையும் தொடக்கூடாது. கருவிகள் பயிற்சிப் பூட்டுகளோடு வேலை மேசையிலேயே இருக்கட்டும். சட்டைப் பையிலோ காரிலோ அவற்றுக்கு இடமில்லை. இதற்கு இசையாத எவருக்கும், எவ்வளவு வேண்டியவராயினும், நான் ஒரு துண்டு வைப்பர் தகடுகூடத் தருவதில்லை.