மிரட்டல் அப்புறம், கழிவு முதலில்

உடலில் படிகம் முளைக்கும் விலங்கு ஒன்று பரிணாமத்தில் உருவானால் அந்தப் படிகம் எதிரியை மிரட்டத்தான் இருக்கும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அது இரண்டாவது படி என்றே தோன்றுகிறது. முதல் படி, வேண்டாததை வெளியே தள்ளுவது.

வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலையை வெயிலில் உற்றுப் பாருங்கள். பொடிப்பொடியாக உப்பு மின்னும். வேர் வழியாக ஏறிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியேற்ற, நீர் காய்ந்து படிகம் மிஞ்சுகிறது. கலாபகஸ் தீவுகளின் கடல் உடும்பு மூக்கு வழியே உப்பைத் தும்மும். அது தலையிலேயே விழுந்து வெள்ளைக் குல்லாய் போட்ட மாதிரி படிந்துவிடும். இப்படித் தற்செயலாகப் படிந்தது வெயிலைத் தடுக்கவோ இணையைக் கவரவோ கொஞ்சம் உதவினால் போதும், மிச்சத்தை இயற்கைத் தேர்வு பார்த்துக்கொள்ளும்.

படிகம் விலங்குக்கு உதவுவது புதிதல்ல. மீனின் வெள்ளிப் பளபளப்பே குவானின் என்ற வேதிப்பொருளின் படிகங்கள்தான். பச்சோந்தி தன் தோலில் உள்ள அதே குவானின் நுண்படிகங்களின் இடைவெளியை மாற்றி நிறம் மாறுகிறது என்று 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சரி, பட்டை தீட்டியது போன்ற பெரிய படிகம் ஏன் எந்த விலங்கின் முதுகிலும் இல்லை? உடலெங்கும் முள் நிறைந்த கடல்வாழ் விலங்கான கடல் முள்ளெலியின் முள்ளைப் பாருங்கள். ஒளியைப் பொறுத்தவரை ஒவ்வொரு முள்ளும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் ஒரே படிகம் போலத்தான் நடந்துகொள்கிறது. ஆனால் முள் பட்டைகள் இல்லாமல் உருளையாக இருக்கும், உள்ளே துளைகள் வேறு. சுத்தமான கால்சைட் தட்டினால் தளம் தளமாகப் பிளந்துவிடும். முள் அப்படிச் சுலபமாகப் பிளக்காது. எனவே எளிதில் உடையும் கூர்முனைப் படிகம் சுமக்கும் விலங்கு வேண்டுமென்றால், அந்தப் படிகம் மான் கொம்பு போல விழுந்து விழுந்து முளைப்பதாக இருக்க வேண்டும்.