பழுதைக் கண்டுபிடிப்பது வாங்கியவன் வேலையா?

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே கணினி கட்டியவனுக்குப் பழுது என்று வந்துவிட்டால் இந்தச் சிங்கப்பூரில் கேட்க நாதியில்லை. ஆத்திரம் தாங்காமல்தான் எழுதுகிறேன்.

என் கணினி வேலைக்கு நடுவே பொட்டென்று அணைந்து, தானாகவே மறுபடி எழுகிறது. பிழையைக் காட்டும் நீலத்திரைகூட வருவதில்லை. விண்டோஸ் நிகழ்வுப் பதிவைத் திறந்தால் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு வரி. கணினி முறைப்படி அணைக்கப்படாமல் மீண்டும் தொடங்கியதாம். அது என் கண்ணெதிரே நடந்ததுதானே! ஏன் அணைந்தது என்பதற்கு அதில் ஒரு சொல் கிடையாது.

செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை நிறுத்தினேன். இரவு முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடியது. ரேமில் ஒரு பிழையும் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டால் கணினி ஒழுங்காக ஓடுகிறது. மாட்டி, கனமான வேலை கொடுத்துச் சுமை ஏற்றினால் அணைகிறது. ஆக, பழுது கார்டில், அல்லது எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பவர் சப்ளையில். இரண்டில் எது என்று அறிய இன்னொரு நல்ல பவர் சப்ளை வேண்டும். வீவக அடுக்குமாடி வீட்டில் யார் உதிரியாக ஒன்றை வாங்கி வைத்திருப்பார்கள்? கடையில்தான் அடுக்கடுக்காக இருக்கிறது.

கனத்த பெட்டியைச் சுமந்துகொண்டு பஸ் ஏறி, கணினிக் கடைகள் இருக்கும் ரோச்சோர் வரை போனேன். பவர் சப்ளை விற்ற கடைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? 24 முனை இணைப்பில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு காகிதக் கிளிப்பால் இணைத்து, அதைத் தனியாக, சுமையே இல்லாமல் ஓடவிட்டார். விசிறி சுற்றியது. "நன்றாகத்தான் இருக்கிறது, கார்டைப் பாருங்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கார்டு விற்றவர் திரையில் படம் வந்ததைக் காட்டி, "பவர் சப்ளையைப் பாருங்கள்" என்றார்.

விசிறி சுற்றுவது ஒரு சோதனையா? பவர் சப்ளையின் 12 வோல்ட் பாதையில் ஒரு வரம்பு வரைதான் ஏற்ற இறக்கம் இருக்கலாம், அதற்குக் கீழே இறங்கினால் அது பழுது. அந்த இறக்கம் சுமை ஏற்றினால்தானே தெரியும்! ஒன்றைக் காட்டி இன்னொன்று கெடுவது இந்தத் துறையில் புதிதும் அல்ல. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை பிராசசர்கள் சிலவற்றில் கோளாறு வந்தபோது, 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்றுதான் விளையாட்டுகள் நின்றன. எல்லாரும் கார்டைச் சந்தேகித்தார்கள். 2024இல் உண்மை வெளிவந்து, இன்டெல் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டிக்க வேண்டியதாயிற்று.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பழுதான பொருளை வாங்கியவரைக் காக்கும் 'லெமன் சட்டம்' 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று கடைதான் நிரூபிக்க வேண்டும். ஆனால் "பழுதே இல்லை" என்று கையை விரித்துவிட்டால் அந்தச் சட்டத்தின் வாசலைக்கூட மிதிக்க முடியாது! முழுக் கணினியாக ஒரே கடையில் வாங்கியிருந்தால் இப்படித் தட்டிக்கழிக்க முடியுமா? நூற்றுக்கணக்கான வெள்ளியை எண்ணி வாங்கிக்கொள்ளும்போது யாரும் அடுத்த கடையைக் கைகாட்டவில்லையே!

நான் இலவசமாக எதையும் கேட்கவில்லை. உங்கள் மேசையில், உங்கள் நல்ல பாகங்களோடு மாட்டி, முழுச் சுமையில் ஒரு மணி நேரம் என் கண்முன் ஓட்டுங்கள். என்ன கண்டீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதற்குப் பிறகு அடுத்த கடைக்குப் போகச் சொல்லுங்கள், போகிறேன்.