ஊதா வயலுக்குப் பின்னால் ஒரு குடியானவர்

கடந்த ஜூலை மாத நடுவில், ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் நகாஃபுரானோ என்னும் சிற்றூரில் இரண்டு நாட்கள் தங்கியிருந்தேன். ஏறத்தாழ ஐயாயிரம் பேர் மட்டுமே வாழும் ஊர் அது. கோடையில் அங்கே வந்து குவியும் பயணிகளில் பலர், வரிவரியாகப் பூத்த லாவெண்டர் சரிவின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் இருந்தேன். அந்தப் பூ அங்கே எப்படி மிஞ்சியது என்று தெரிந்துகொண்ட பிறகு, அந்த இடத்தைப் பூங்காவாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

லாவெண்டர் அந்த மண்ணுக்கு உரிய செடி அன்று. 1937-இல் ஒரு வாசனைப்பொருள் நிறுவனம் பிரான்சிலிருந்து விதையைத் தருவித்தது. போருக்குப் பின், 1948-இல், பக்கத்து ஊரான காமிஃபுரானோவில் எண்ணெய்க்காகப் பயிரிடத் தொடங்கினார்கள். பூவை அறுத்து, ஆவியில் காய்ச்சி, எண்ணெயை வடித்து விற்பதுதான் தொழில். அழகு பார்க்க அன்றைக்கு யாரும் வரவில்லை. 1970-ஆம் ஆண்டு வாக்கில் ஃபுரானோ வட்டாரத்தில் இந்தச் சாகுபடி உச்சத்தை எட்டியது. அதற்குள் செயற்கை வாசனைப்பொருட்களும் விலை மலிந்த இறக்குமதி எண்ணெயும் சந்தையைப் பிடித்துக்கொள்ள, 1973-இல் கொள்முதல் நின்றுபோயிற்று. வாங்க ஆளில்லாத பயிரை வைத்துக்கொண்டு எந்த உழவர்தான் என்ன செய்வார்? ஒவ்வொருவராக உழுது அழித்துவிட்டு வேறு பயிருக்கு மாறினார்கள்.

நகாஃபுரானோவைச் சேர்ந்த தோமிதா ததாவோ என்பவருக்கு மட்டும் மனம் வரவில்லை. 1958 முதல் லாவெண்டர் வளர்த்துவந்த அவர், நெல் விளைச்சலின் வருமானத்தில் குடும்பத்தை நடத்திக்கொண்டு, இன்னும் ஓர் ஆண்டு, இன்னும் ஓர் ஆண்டு என்று அந்த வயலைக் காத்துவந்தார். 1976-இல் ஜப்பான் தேசிய ரயில்வேயின் நாட்காட்டியில் அவருடைய வயலின் படம் வெளிவந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் முதன்முதலில் படம் எடுப்பவர்களும், பிறகு மற்றவர்களும் அந்த ஊரைத் தேடி வந்தார்கள். இன்று 'ஃபார்ம் தோமிதா' என்று உலகம் அறிந்த பண்ணை அதுவே. 1999 முதல் கோடையில் மட்டும் ரயில் நிற்கும் 'லாவெண்டர் வயல்' என்ற தற்காலிக நிலையமும் பண்ணைக்கு அருகில் இருக்கிறது. விற்பனைக்குப் பயனற்றது என்று எல்லோரும் கைவிட்ட ஒரு பயிர், ஒருவர் அதை அழிக்காமல் விட்டதால் ஒரு வட்டாரத்துக்கே பிழைப்பாயிற்று என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

பண்ணைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. எண்ணெய், சோப்பு, உலர்ந்த பூ அடைத்த சிறு பைகள் போன்றவற்றின் விற்பனை அதற்கு வருவாய் தருகிறது. இலவசமாகப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது முறையன்று என்பது என் உறுதியான கருத்து.

வயலுக்கு அப்பால் தெரியும் டோகாச்சி மலைத்தொடரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1926 மே மாதம் அந்தத் தொடரிலுள்ள டோகாச்சி எரிமலை வெடித்தபோது, உருகிய பனியும் சேறுமாகப் பாய்ந்த வெள்ளத்தில் 144 பேர் மாண்டார்கள். காமிஃபுரானோவின் வயல்கள் கந்தகச் சேற்றில் புதைந்தன. வேறிடத்திலிருந்து நல்ல மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, அந்த நிலத்தை மீண்டும் விளைய வைத்தவர்கள் அவ்வூர் உழவர்கள். படங்களில் அழகான பின்னணியாகத் தெரியும் மலையின் வரலாறு இது.

அதனால்தான் வயலுக்குள் கால் வைக்கும் பயணிகளைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. அருகிலுள்ள பியேய் ஊரில் 'தத்துவ மரம்' என்று புகழ்பெற்ற ஒரு நெட்டிலிங்கம் போன்ற பாப்லர் மரம் நின்றது. படம் எடுக்க வந்தவர்கள் விளைநிலத்தை மிதித்துக்கொண்டே இருந்ததாலும், மரம் மூப்படைந்து சாயத் தொடங்கியதாலும், நிலத்துக்கு உரியவரே 2016-இல் அதை வெட்டிவிட்டார். செருப்படியில் ஒட்டிவரும் மண்ணில் பயிர்நோய்க் கிருமி இருந்தால் ஒரு பருவத்து உருளைக்கிழங்கே பாழாகலாம் என்பது, வேலிக்கு அப்பால் நின்று பார்க்கும் நமக்கு எளிதில் புலப்படுவதில்லை.

இரண்டாம் நாள் முழுவதையும் உழவர்களின் நேரடி விற்பனைக் கடையில் கழித்தேன். ஒவ்வொரு பொட்டலத்திலும் விளைவித்தவரின் பெயர் ஒட்டியிருந்தது. ஃபுரானோ, மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு; கோடையில் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டினாலும் இரவு குளிர்ந்துவிடும். அந்த வேறுபாட்டில்தான் செஞ்சதை முலாம்பழத்துக்கு இனிப்பு ஏறுகிறது. வெங்காயமும் சோளமும் அவ்வூரின் பெருமைதான் என்றாலும், என் மனம் அந்தப் பழத்திலேயே நின்றுவிட்டது. விற்ற மூதாட்டி, அதன் அடிப்பக்கத்தை மெல்ல அழுத்திப் பார்த்து, இன்னும் இரண்டு நாள் அறையிலேயே வைத்திருங்கள், அடி இளகிய பிறகு குளிரூட்டி உண்ணுங்கள் என்றார். நான் தலையசைத்த பிறகும் விடாமல் விரல்களைக் காட்டி இரண்டு நாள் என்று மறுபடி சொன்னார். ஹொக்கைடோவின் தலைநகரான சப்போரோவில், விடுதி அறையின் மேசைமேல், வாங்கிய இரண்டாம் நாள் இரவு அந்தப் பழம் மணக்கத் தொடங்கியது. மறுநாள் காலையில் அறுத்தேன்.