பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருபவர்கள்

கிராமத்துச் சாலையில் வண்டியை நிதானமாக ஓட்டி வீடு திரும்பினால் யாருக்கு என்ன நஷ்டம்? மேயும் மாட்டின் காலடியில் கிளம்பும் பூச்சிக்காக உண்ணிக்கொக்கு கூடவே நடக்கிறது. மின்கம்பியில் பனங்காடை தரையையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. சிறகை விரித்தால்தான் அந்தப் பறவையின் நீலம் முழுசாகத் தெரியும். அதற்குள் பின்னால் ஹாரன்! ஒதுங்கி வழிவிட்டாலும் சிலர் முந்துவதில்லை, பம்பரை உரசுகிற மாதிரி ஒட்டிக்கொண்டே வருகிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஆடு குறுக்கே வந்தால் பிரேக் போட இடம் வேண்டாமா? இருட்டினால் ஹைபீம் வேறு, கண்ணே கூசுகிறது. அவசரமா, தாராளமாக முந்திப் போங்கள். இல்லையென்றால் தள்ளி வாருங்கள்.