தேயிலை வரி ஏறியதாலா அமெரிக்கா கிளர்ந்தது?

"பிரிட்டன் தேயிலை வரியைத் தாறுமாறாக ஏற்றியதால்தான் அமெரிக்கர்கள் கிளர்ந்தெழுந்தார்கள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. 1773 தேயிலைச் சட்டம் வரியை ஏற்றவே இல்லை. ஒரு பவுண்டு எடைத் தேயிலைக்கு 3 பென்ஸ் என்ற பழைய வரியே நீடித்தது. கடனில் தத்தளித்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு (சென்னையில் கோட்டை கட்டிய அதே கம்பெனிதான்) நேரடியாக விற்க அனுமதி கிடைத்ததால் விலை குறையத்தான் செய்தது.

அப்புறம் ஏன் கோபம்? அந்த 3 பென்ஸைக் கட்டினால், தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத லண்டன் நாடாளுமன்றம் தங்கள்மீது வரி போடலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். உள்ளூர் வணிகர்களுக்கும் கடத்தல்காரர்களுக்கும் பிழைப்பு போய்விடுமே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. டிசம்பர் 16 இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டினார்கள். அதற்குத் தண்டனையாக 1774-இல் பிரிட்டன் அந்தத் துறைமுகத்தையே மூடி, பாஸ்டன் இருந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் சுயாட்சி உரிமைகளையும் பறித்தது. அதன் பிறகுதான் அமெரிக்காவில் பிரிட்டனின் ஆட்சியில் இருந்த மற்ற குடியேற்றங்களும் பாஸ்டனோடு கைகோத்தன.