கரடியாரும் பிள்ளையாரும்

போன சனிக்கிழமை இரவு எங்கள் பக்கம் கரண்ட் நின்றுவிட்டது. விளக்கைத் தேடிக் கொளுத்திக்கொண்டு வந்தால் மகளைப் பாயில் காணவில்லை. சாமியறையில் இருந்தாள். தன் பொம்மைக் கரடியைப் பிள்ளையார் படத்துக்குக் கீழே சுவரோடு சாய்த்து இருத்திவிட்டு, பழைய துவாய் ஒன்றால் அதன் காலை மூடிக்கொண்டிருந்தாள். என்ன பிள்ளை இது என்று கேட்டேன். "பிள்ளையார் இருட்டுக்குள்ள தனிய இருக்கிறார். கரடியார் காவலுக்கு." ஆறு வயது.

சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் அறநெறி வகுப்பில் அவளே இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் ஏச்சு விழுந்ததாம். விளையாட்டுச் சாமானைச் சாமியோடு வைக்கிறதோ, பயபக்தி வேண்டாமோ என்று. அழுதுகொண்டு வந்தவள் முதல் வேலையாகக் கரடியைத் தூக்கித் தையல் மெசினுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அதைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் ஆறவிட்டு எழுதுகிறேன்.

கரடி வந்த கதையைச் சொல்ல வேண்டும். லண்டனில் இருக்கும் தங்கை போன ஆடியில் வந்தபோது புத்தகமும் பொம்மையுமாகக் கொண்டுவந்தாள். வின்னி த பூ. கரடிக்கு யாராவது 'பூ' என்று பெயர் வைப்பானோ என்று என் அப்பா சிரித்தார். ஏ. ஏ. மில்ன் என்ற ஆங்கில எழுத்தாளர் தன் மகனின் பொம்மைகளை வைத்து எழுதியது, 1926இல் வந்த புத்தகம். தேன் என்றால் உயிரை விடும், கொஞ்சம் மந்தமான, நல்ல மனசுக் கரடி. அந்த மகனுக்கு 1921இல் லண்டன் கடையொன்றில் வாங்கிய பொம்மை இப்போது நியூயோர்க் பொது நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. 1987இல் இருந்து அங்கேதான். சனம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.

கதை நடக்கும் ஆஷ்டவுன் காட்டுக்குத் தங்கை பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறாள். அங்கே ஒரு மரப்பாலம். கதையில் கரடியும் கூட்டாளிகளும் பாலத்தின் ஒரு பக்கம் சுள்ளியைப் போட்டுவிட்டு மறுபக்கம் ஓடி, யாருடைய சுள்ளி முதலில் மிதந்து வருகிறது என்று பார்ப்பார்கள். அதே மாதிரிப் போட்டுப் பார்க்க நரைத்த ஆட்களும் சுள்ளி பொறுக்கிக்கொண்டு நின்றார்களாம். "அக்கா, எங்கட ஐயனாருக்குக் குழை முறிச்சு வைக்கிற மாதிரியே கிடந்தது" என்றாள்.

வெளியூர்க்காரருக்காக: இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் காட்டுக்குள் இறங்குகிறவர்கள் வழியில் ஒரு மரத்தடியில் ஐயனாருக்கோ பிள்ளையாருக்கோ ஒரு குழையை முறித்து வைத்துவிட்டுத்தான் போவார்கள். கோயில் இல்லை, ஐயரும் இல்லை. காய்ந்த குழைக்கு மேல் பச்சைக் குழை குவிந்து கிடக்கும்.

இன்னொன்று. எங்கள் கதைகளில் நரி வெறும் நரியாக வராது. நரியார், முயலார், கரடியார் என்றுதான் வரும். மரியாதை போட்டுச் சொன்னால்தான் பிள்ளை கதை கேட்கும். பிள்ளையாரிலும் ஐயனாரிலும் இருப்பது அதே 'ஆர்' தான். ஆகக் கரடியாரைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருத்தியபோது என் மகள் தமிழில் இருந்த ஒழுங்கைத்தான் பின்பற்றினாள். ஜாம்பவான் யார் என்று அந்த வகுப்பில் கேட்கவும் ஆசையாக இருந்தது. கேட்கவில்லை. ஊருக்குள் இருக்க வேண்டும் அல்லவா.

ஆனால் பயபக்தி என்ற சொல்லை நான் லேசாகத் தட்டிவிடவும் மாட்டேன். எங்கள் வீட்டில் நிஜக் கரடி ஒன்றின் கையெழுத்து இருக்கிறது. அப்பாவின் இடது புருவத்தில் தொடங்கித் தாடை வரை இறங்கும் மூன்று கோடு. இளந்தாரியாக இருந்தபோது ஒட்டுசுட்டானுக்கு அந்தப் பக்கம் தேன் எடுக்கப் போனவர். பாலைப்பழம் பழுக்கும் காலம். வன்னிக் காட்டில் கரடிக்கும் மனிசருக்கும் ஒரே பழத்திலும் ஒரே தேனிலும்தான் கண். மரத்தடியில் முகத்துக்கு முகம் சந்தித்தால் கரடி விலகிப் போகாது, எழுந்து நின்று முகத்தைத்தான் பிறாண்டும். அன்றைக்குக் குழை வைத்துவிட்டுத்தான் போனேன், அதனால்தான் கண் தப்பியது என்பார் அப்பா. வைத்தும் பிறாண்டியதே என்று சின்ன வயதில் நான் கேட்டதுண்டு. முறைத்துப் பார்ப்பார். அவருடைய பக்தியில் பயம் இருக்கிறது, அந்தப் பயம் காட்டை அறிந்தவனின் பயம். நகமே இல்லாத தெய்வம் அவருக்குச் சரிவராது.

வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பயம் வேறு மாதிரி. கும்பிடாவிட்டால் சோதினையில் மார்க்ஸ் குறையும், திருநீறு பூசாமல் போனால் சாமி கண்ணைக் குத்தும். இது காட்டின் பயம் இல்லை, கந்தோரில் பெரிய துரைக்குப் பயப்படுகிற பயம். அதோடு சேர்த்து மனுக் கொடுக்கவும் பழக்குகிறோம். பிள்ளை கண்ணை மூடியதும் "என்ன கேட்டனி?" என்பதுதானே நம் முதல் கேள்வி. பொம்மைக் கரடியிடம் எந்தப் பிள்ளையும் எதையும் கேட்பதில்லை. அதற்குப் பசிக்குமா, குளிருமா என்று இவள்தான் பார்க்கிறாள்.

இதை நான் பொம்மை விளையாட்டு என்று ஒதுக்காமல் இருப்பதற்குக் காரணம் கண்ணப்பர். பெரியபுராணத்தில் கண்ணைத் தோண்டி அப்பிய இடத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது அதற்கு முன்னால் வரும் இரவு. காளத்தி மலையில் சாமி தனியே இருக்கிறார், துணைக்கு ஒருவரும் இல்லை, காட்டு மிருகம் வந்தால் என்ன செய்வார் என்று அந்த வேடுவப் பொடியன் வில்லோடு விடிய விடிய நின்று காவல் காக்கிறான். விடிந்ததும் சாமிக்குப் பசிக்குமே என்று வேட்டைக்கு ஓடுகிறான். இறைச்சியைக் கடித்து ருசி பார்த்துக் கொண்டுவருகிறான். வாயில் தண்ணீர், தலையில் பூ. ஒழுங்காகப் பூசை செய்துவந்த சிவகோசரியாருக்கு அது அநாசாரமாகப் படுகிறது. படத்தானே செய்யும். ஆனால் சேக்கிழார் யார் பக்கம் நின்று எழுதினார் என்று உங்களுக்குத் தெரியும். கரண்ட் போன இரவில் துவாயோடு உட்கார்ந்திருந்த என் மகளை நான் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன். தாய் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே சேர்த்திருக்கலாம், அது போகட்டும்.

எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்துப் பெரிய தெய்வத்தின் கதையிலும் முதலில் வருவது பிள்ளைகள்தான். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம், பத்தாம்பளை, அதுதான் வற்றாப்பளை ஆனது என்பார்கள். நந்திக்கடல் ஓரம் மாடு மேய்த்த பொடியங்களிடம் ஒரு கிழவி வந்து பசி என்றாள். பொடியங்கள் குழை வெட்டிப் பந்தல் போட்டு, பாற்புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். பொழுது பட்டது. விளக்கு ஏற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லை, ஆச்சி. கடல் தண்ணியை அள்ளி ஊற்றுங்கோ என்றாள், எரிந்தது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பாருங்கோ என்று குனிந்தாள். மயிரை விலக்கினால் தலை முழுக்கக் கண்.

இப்போதும் வைகாசிப் பொங்கலுக்கு முன் முல்லைத்தீவுக் கடலில் நீர் எடுத்துவந்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த நீரில் விளக்கு எரிப்பார்கள். அதைப் பார்க்கத்தான் சனம் முண்டியடிக்கும். எனக்கு அந்தப் பேன் பார்க்கும் இடம்தான் பெரிது. புக்கை கொடுக்கும்போது அது அம்மன் என்று பொடியங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பயபக்தியோடு எட்டி நின்றிருப்பார்கள், ஒருத்தனும் தலையில் கை வைத்திருக்க மாட்டான்.

கதைப் பாத்திரமும் தெய்வமும் அப்போ ஒன்றுதானா என்று கேட்பீர்கள். இல்லை என்றுதான் நினைக்கிறேன். போரின் கடைசி மாதங்களில், 2009 பங்குனியில் மாத்தளன் பக்கம் பங்கருக்குள் கிடந்தபோது அம்மா கந்தசஷ்டி கவசத்தை முடிய முடியத் திரும்பத் தொடங்குவா. தம்பிக்கு ஏழு வயது. அவனுக்கு முயலார் கதைதான் வேண்டும், சிங்கத்தைக் கிணற்றுக்குள் பாய வைத்த முயலார். ஷெல் விழ விழ நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். முயலார் இப்ப எங்க என்று ஒவ்வொரு இரவும் கேட்பான். கிட்டத்தான் நிக்கிறார் என்பேன். அம்மாவைக் கவசம் வைத்திருந்தது போலவே அவனை முயலார் வைத்திருந்தார். அந்தக் கிடங்குக்குள் என்னால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மீளக் குடியேறிய பிறகு வந்த முதல் வைகாசியில் அம்மா வற்றாப்பளையில் நேர்த்திக்குப் பொங்கினா. கால் வீங்கியிருந்தும் நடந்தே போனா. தம்பி இப்போது பாரிசில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. முயலாருக்கு அவன் எந்தக் கடனும் வைக்கவில்லை, முயலாரும் எதிர்பார்க்கவில்லை. அம்மாவைப் பார்க்க ஒருத்தி இருந்தாள், தலை முழுக்கக் கண்ணோடு. அதனால் அவளிடம் திரும்பிப் போய் நிற்க வேண்டியிருந்தது. முயலாரைத் தம்பிதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கரடி இப்போது மெசினுக்குப் பின்னால் இல்லை. அப்பாதான் எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். திங்கள் பின்னேரம் அவருடைய மடியில் இருந்துகொண்டு மகள் அந்த மூன்று கோட்டையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அம்மப்பா, அண்டைக்கு அந்தக் கரடியாருக்குத் தேன் கிடைச்சதோ?"

"நான் வாளியோட போட்டிட்டு ஓடி வந்திட்டன். முழுக்க அவருக்குத்தான்."

"அப்ப சரி" என்று இறங்கி ஓடினாள்.